கலங்கிய தண்ணீரும் செல்வியின் கைகளும்

வயிற்றுக்குள் விடுகிற தண்ணீரைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். நான் வேலை பார்த்த சிதம்பரம் மருத்துவமனையில், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகள் எல்லோருக்கும் இனிமேல் இரண்டு அறை உள்ள பேக்கைத்தான் கொடுப்பது என்று முடிவாகிவிட்டதாம். அங்கே இப்போது பொறுப்பில் இருக்கும் சிஸ்டர் போன் செய்து, இந்தப் பேக்கை நம் ஊரில் முதலில் யாருக்குப் போட்டீர்கள், எதற்காகப் போட்டீர்கள் என்று கேட்டார். மேல்பட்டாம்பாக்கம் ராஜவேலுவுக்கு என்று சொன்னேன். எதற்காக என்பதைப் போனில் சொல்ல முடியவில்லை, அப்படியானால் எழுதிக் கொடுங்கள் என்றார். அதற்குத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கிட்னி வேலை செய்யாமல் போனவர்களுக்கு இரண்டு வழி உண்டு. ஒன்று, வாரத்தில் சில நாள் மருத்துவமனைக்கு வந்து மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்வது. இன்னொன்று, வயிற்றில் ஒரு மெல்லிய டியூபைப் பொருத்தி, அதன் வழியே இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணீரை உள்ளே விடுவது. சில மணி நேரம் அது வயிற்றுக்குள் இருக்கும். குடலைச் சுற்றியுள்ள ஜவ்வு வழியாக உடம்பின் கழிவும் அதிகப்படியான நீரும் அந்தத் தண்ணீருக்குள் வந்து சேரும். பிறகு அதை வடித்துவிட்டுப் புதிதாக விட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, வீட்டிலேயே, நோயாளியோ வீட்டில் ஒருவரோ செய்துகொள்ளலாம். இதைத்தான் பேக் மாற்றுவது என்போம். ஒரே பயம், கிருமி. டியூபின் வாய் திறந்திருக்கிற அந்தச் சில நொடிகளில் கை பட்டாலோ தூசு பட்டாலோ கிருமி நேராக வயிற்றுக்குள் போய்விடும். அப்படிப் போனால் வலி, காய்ச்சல். வடிகிற தண்ணீர் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி கலங்கி வரும்.

இந்தப் பேக் மாற்றும் வேலையைக் குடும்பத்தாருக்குச் சொல்லிக் கொடுப்பதுதான் என் உத்தியோகம். 2004-இல் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். அதற்கு முன் வார்டு, பிரசவம், ஆபரேஷன் தியேட்டர் என்று எல்லா இடத்திலும் நின்றிருக்கிறேன். எதுவும் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. இது ஒட்டியது. கடலூர் முதுநகரில் எங்கள் வீடு. காலையில் சிதம்பரம் பஸ் ஏறினால் ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் ஜெபம் முடித்துவிடுவேன். மீதி தூரத்துக்கு அன்றைக்கு யாருக்கு என்ன சொல்லித்தர வேண்டும் என்ற யோசனை.

எங்கள் பிரிவின் தலைவர் டாக்டர் சௌந்தரம். ஒல்லியான உருவம், காட்டன் புடவை, எப்போதும் ஒரே மாதிரி மெதுவான குரல். கோபம் வந்தால் அந்தக் குரல் இன்னும் இறங்கும். ஜூனியர் டாக்டர்களை "வாங்க, உக்காருங்க" என்று மரியாதையாகக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார். அந்த "வாங்க"வைக் கேட்டாலே அவர்களுக்கு வியர்க்கும். நோயாளி பேசும்போது டாக்டரம்மா எழுத மாட்டார். பேனாவை மூடி மேஜை மேல் வைத்துவிட்டு முகத்தைப் பார்த்துக் கேட்பார். எல்லாம் கேட்டு முடித்து நோயாளி எழுந்து போனபிறகுதான் பேனா திறக்கும். அதனால் புறநோயாளிப் பிரிவில் எப்போதும் கூட்டம் தேங்கும். அதற்காக அவர் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

வடித்த பேக்கை அவர் பார்க்கிற முறையும் தனி. ஜன்னல் ஓரம் உள்ள மேஜையில் பழைய செய்தித்தாளை விரிப்பார். பேக்கை அதன் மேல் படுக்க வைப்பார். தண்ணீருக்குக் கீழே இருக்கும் எழுத்தை வாய்விட்டுப் படிப்பார். வரன் விளம்பரமோ நிலம் விற்பனையோ, எது இருந்தாலும் படிப்பார். பொடி எழுத்து தடுமாறாமல் படிக்க வந்தால் தண்ணீர் தெளிவு. தடுமாறினால் உடனே மாதிரி எடுத்து லேபுக்கு. லேபில் வெள்ளை அணுக்களை எண்ணுவார்கள், கிருமியை வளர்த்துப் பார்ப்பார்கள். அவர் படிக்கும்போது நோயாளியின் வீட்டார் சுற்றி நின்று, பரீட்சை முடிவு கேட்கிற மாதிரி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ராஜவேலு 2006-இல் எங்களிடம் வந்தார். மேல்பட்டாம்பாக்கத்தில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றிக் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார். சுற்று வட்டாரத்தில் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மோட்டார்கள் எரிந்தால் அவரிடம்தான் வரும். நாற்பதைத் தாண்டிய வயது. சர்க்கரை நோயில் கிட்னி போய்விட்டது. இதயமும் பலவீனம். மெஷினில் படுக்க வைத்தால் ஒவ்வொரு தடவையும் ரத்த அழுத்தம் இறங்கி மயங்கிவிடுவார். அதனால் அவருக்கு வயிற்று வழிதான் என்று டாக்டரம்மா முடிவு செய்தார். அவர் மனைவி செல்வி பேக் மாற்றக் கற்றுக்கொள்ள வந்தார்.

நான் சொல்லிக் கொடுத்தவர்களில் செல்வியைப் போல ஒருவர் கிடையாது. அதிகம் பேச மாட்டார். ஒரு தடவை செய்து காட்டினால் போதும். மறுதடவை என் கை போன வழியிலேயே அவர் கை போகும். மின்விசிறியை நிறுத்துவது, கதவைச் சாத்துவது, வாய்க்கு மாஸ்க், விரல் இடுக்கு விடாமல் சோப்பு, துடைக்காமல் காயவிடுவது, பிறகுதான் டியூப் மூடியைத் தொடுவது. எதிலும் ஒரு பிசகு இல்லை. முதல் வருஷம் முழுவதும் ராஜவேலுவின் தண்ணீர் தெளிவாகவே வந்தது. அவர் பட்டறைக்குத் திரும்பினார். மாத பரிசோதனைக்கு வரும்போது விரலில் காயில் வார்னிஷ் வாசனையோடு வருவார்.

2008-இல் முதல் தடவை கலங்கியது. ஆன்டிபயாடிக் மருந்தைப் பேக்கிலேயே கலந்து கொடுத்தோம், தெளிந்தது. சில வாரங்களில் மறுபடியும் கலங்கியது. இந்த முறை வேறு கிருமி. மறுபடியும் தெளிந்து, மழைக்காலம் ஆரம்பிக்கும்போது மூன்றாவது தடவை.

மூன்றாம் முறை அவரைக் கொண்டுவந்தபோது ஆட்டோவிலிருந்து நிமிர்ந்து இறங்க முடியவில்லை. வயிறு பலகையாக இருந்தது. கூடவே அவருடைய அக்காவும் வந்திருந்தார். பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர், தம்பி மேல் உயிரையே வைத்திருப்பவர். படுக்கையில் கிடத்தினதும் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி ஆரம்பித்தார்.

"இவ கை சுத்தம் பத்தாது டாக்டரம்மா. நான் அப்பவே சொன்னேன். மாடு புடிச்சுக் கட்ன கையோட வந்து பேக்க மாத்தினா என்னா ஆவும்? என் தம்பிய இவளே கொன்னுடுவா போல இருக்குது."

 செல்வி கட்டிலின் கால்மாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  புத்தகப்படி பார்த்தாலும் மூன்று தடவை கிருமி வந்தால் முதல் சந்தேகம் பேக் மாற்றுகிற கையின் மேல்தான். ஜூனியர் டாக்டர் ஒருவர் தாழ்ந்த குரலில், டியூபை எடுத்துவிட்டு மெஷினுக்கு மாற்றிவிடலாம், வீட்டில் ஒழுங்காகச் செய்யவில்லை போலிருக்கிறது என்றார். மெஷின் அவருக்கு ஒத்துவராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டியூபை எடுத்தால் அதற்குப் பிறகு அவருக்கு வழி இல்லை.

 டாக்டரம்மா செல்வியைப் பக்கத்தில் கூப்பிட்டு, கையைக் காட்டச் சொன்னார். செல்வி இரண்டு கையையும் நீட்டினார். விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து, இடுக்குகளில் வெடித்து, சிவந்து கிடந்தது. இரண்டாம் தடவை கிருமி வந்ததிலிருந்து அவர் நாள் முழுவதும் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டே இருந்திருக்கிறார். டாக்டரம்மா அந்தக் கையை அக்காவின் பக்கம் திருப்பினார்.

"இந்தக் கைய இன்னும் எவ்வளவுதான் கழுவச் சொல்றதும்மா?" என்றார்.

அவ்வளவுதான். 

மருந்து ஆரம்பித்தோம். கலங்கல் குறைகிறதா என்று தினமும் பேக்கைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார்த்தோம். முதல் இரண்டு நாள் தலைப்பு எழுத்துகூடத் தெரியவில்லை. மூன்றாம் நாள் டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். குறை கண்டுபிடிக்கப் போகாதீங்க, முதல் வருஷத்துக்கும் இப்போதைக்கும் என்ன மாறியிருக்கிறது என்று மட்டும் பார்த்துட்டு வாங்க என்றார்.

நெல்லிக்குப்பம் வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ஷேர் ஆட்டோ. செல்வி வீட்டில் காத்திருந்தார். பேக் மாற்றும் அறை நான் முன்பு சொல்லிக் கொடுத்தபடியே இருந்தது. சுண்ணாம்பு அடித்த சுவர், ஒரு நாற்காலி, பேக் தொங்கவிட ஓர் ஆணி, வேறு சாமான் கிடையாது. பயிற்சிக்காகக் கொண்டுபோயிருந்த பேக் ஒன்றைக் கொடுத்துச் செய்து காட்டச் சொன்னேன். அதே வரிசை, அதே நிதானம். கையில் குறை இல்லை. ஆனால் மூலையில் அடுக்கியிருந்த அட்டைப் பெட்டிகளைப் பார்த்தேன். பேக்கின் மூடி மூன்று நிறத்தில் வரும். மஞ்சள் என்றால் சர்க்கரை குறைவு, பச்சை நடுத்தரம், சிவப்பு அதிகம். சர்க்கரை எவ்வளவு அதிகமோ அவ்வளவு வேகமாக உடம்பிலிருந்து நீரை இழுக்கும். முதல் வருஷம் அவருக்கு மஞ்சள் மட்டும்தான் எழுதிக் கொடுத்திருந்தோம். இப்போது பெட்டிகளில் பச்சையும் சிவப்புமே இருந்தன. எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"மாசி மகத்துக்கு அப்பறம் சிஸ்டர். காலு வீங்கிடுச்சு, மூத்திரமும் கொறஞ்சு போச்சு. அதனால டாக்டர் மாத்தி எழுதினாங்க." கொஞ்சம் தயங்கிவிட்டு, "அது உள்ள போவும்போது எரியுதுன்னு சொல்லுவாரு. பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. ஆஸ்பத்திரியில சொல்ல வேணாம், அப்பறம் பேக்கே வேணாம்னு எடுத்துடுவாங்கன்னு என்னைய சொல்ல உடல" என்றார்.

திரும்பி வந்து இதை அப்படியே சொன்னேன். டாக்டரம்மா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்.  "கை மாறல. பேக்குதான் மாறியிருக்கு" என்றார். பச்சையும் சிவப்பும் எழுதிக் கொடுத்தது அவரேதான். வீங்கின உடம்புக்கு வேறு வழியும் அப்போது இல்லை. அதை மறைக்காமல் ஜூனியர்களிடமும் சொன்னார்.

நான்காம் நாள் பேக்குக்குக் கீழே பெரிய எழுத்துகள் படிக்க வந்தன. ஆறாம் நாள் டாக்டரம்மா ஒரு மனை விற்பனை விளம்பரத்தைத் தடங்கல் இல்லாமல் கடைசி வரி வரை வாசித்தார். ராஜவேலு கட்டிலில் இருந்தபடியே கண்ணைத் துடைத்துக்கொண்டார். டியூப் பிழைத்தது.

அதற்குப் பிறகுதான் டாக்டரம்மா அவர்கள் மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். நானும் பக்கத்தில் இருந்தேன். கிருமியே படாமல் யாராலும் வருஷக்கணக்கில் பேக் மாற்ற முடியாது, ஒன்றிரண்டு எப்படியும் உள்ளே போகத்தான் செய்யும் என்றார். வயிற்றுக்குள் அதைப் பிடித்து விழுங்கிவிடுகிற அணுக்கள் உண்டு. நாம் விடுகிற தண்ணீரில்தான் அவை மிதந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். அந்தத் தண்ணீர் புளிப்பு. அதில் சர்க்கரை ஜாஸ்தி. சர்க்கரைத் தண்ணீரைச் சூடாக்கிச் சுத்தம் செய்கிறபோது அதில் வேண்டாத பொருள்களும் உண்டாகிவிடுகின்றன. சிவப்பு மூடியில் அது இன்னும் அதிகம். அப்படிப்பட்ட தண்ணீரில் அந்த அணுக்கள் சோர்ந்துபோகும். கிருமியைப் பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

ராஜவேலு தலையை ஆட்டினார். "பாகு ஜாஸ்தி காஞ்சா கசந்துடும் டாக்டர். எங்க ஊருல வெல்லம் காச்சுறவங்களுக்குத் தெரியும்" என்றார்.

"அதேதான்" என்றார் டாக்டரம்மா.

இப்போது இரண்டு அறை உள்ள ஒரு பேக் வருகிறது, சர்க்கரை ஓர் அறையில், மற்றது இன்னோர் அறையில். தனித்தனியாகச் சூடாக்குவதால் அந்தக் கசப்பு குறைவு. உள்ளே விடுகிறதற்கு முன் இரண்டையும் கலந்தால் புளிப்பும் போய்விடும் என்றார். விலை ஜாஸ்தி, சென்னையிலிருந்து வரவழைக்க வேண்டும் என்பதையும் சொன்னார். அதோடு, சிவப்பு மூடி தேவைப்படாமல் இருக்க உப்பைக் குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும், கருவாட்டை மறந்துவிட வேண்டும் என்றார். கடலூர்க்காரரிடம் கருவாட்டை மறக்கச் சொல்வது சின்ன விஷயமில்லை. ராஜவேலு ஒத்துக்கொண்டார்.

"இதப் போட்டா இனிமே வராதா டாக்டரம்மா?" என்று கேட்டவர் அக்கா.

"அப்படி என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. வராம இருக்க வாய்ப்பு அதிகம்னு நம்புறேன். ஆனா ஒண்ணு உறுதியா சொல்றேன், இந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல."

செல்வி அப்போதுதான் அழுதார். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. அக்கா எழுந்து வெளியே போய்விட்டார்.

புதிய பேக் வந்து சேர்ந்ததும் செல்விக்கு மறுபடி பயிற்சி. இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு ஒட்டு இருக்கும். பாயைச் சுருட்டுகிற மாதிரி ஒரு முனையிலிருந்து பேக்கைச் சுருட்டி அழுத்தினால் அந்த ஒட்டு விட்டுக்கொடுத்து இரண்டும் கலக்கும். அழுத்த மறந்து அப்படியே விட்டுவிட்டால் ஆபத்து. அதனால் ஒட்டு முழுவதும் பிரிந்துவிட்டதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே தொங்கவிட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். செல்வியின் விரல்களில் அப்போது களிம்பு போட்டுத் தோல் ஆறிக்கொண்டிருந்தது.

முதல் பேக்கை வார்டில் வைத்தே விட்டோம். ராஜவேலு கட்டில் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. பாதி இறங்கிவிட்டது. அவர் ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"இன்னும் வரலையே சிஸ்டர்."

"என்ன வரல?"

"எரிச்சல்."

பேக் முழுவதும் இறங்கி முடிகிற வரை அவர் காத்திருந்தார். அது வரவே இல்லை. கம்பியிலிருந்து கையை எடுத்துவிட்டு, செல்வியைப் பார்த்துச் சிரித்தார். நான் மருந்து அலமாரியை ஒழுங்கு பண்ணுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன்.

அதன்பிறகு மாதங்கள் போயின. பேக்குக்குக் கீழே பொடி எழுத்து தெளிவாகவே தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை கலங்கியது. மருந்து கொடுத்த மறுநாளே தெளிந்துவிட்டது. முன்பெல்லாம் அப்படித் தெளிந்ததில்லை. நான் இதை டாக்டரம்மாவிடம் சந்தோஷமாகச் சொன்னபோது, அவர் என்னைக் கொஞ்சம் அடக்கினார். ஒருத்தரை வைத்து முடிவு சொல்லக் கூடாது ஸ்டெல்லா, உப்பைக் குறைத்ததும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும் என்றார். ஆனால் அதற்குப் பிறகு யாருக்குத் திரும்பத் திரும்பக் கலங்கினாலும், கையைப் பார்க்கிறதோடு பேக்கின் மூடி என்ன நிறம் என்றும் கேட்பது எங்கள் பிரிவில் வழக்கமாகிவிட்டது. வீட்டுப் பெண்களைக் கேட்கிற கேள்வியின் தொனியும் மாறியது. இது எனக்கு அவரிடமிருந்து கிடைத்த பெரிய பாக்கியம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செல்வியின் தம்பிக்கு வடலூரில் கல்யாணம் வைத்தார்கள். பேக் மாற்ற ஆள் இல்லாமல் செல்வி போக முடியாது. அந்தச் சமயத்தில் ஒரு நாள் ராஜவேலுவின் அக்கா தனியாக என்னைத் தேடி வந்தார். தானும் பேக் மாற்ற வேண்டும் என்றார். உங்கள் வீட்டிலேயே என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறவர் இருக்கிறாரே என்றேன். அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, "அவகிட்டத்தான் கத்துக்கிட்டேன் சிஸ்டர். சரியா இருக்குதான்னு நீங்க ஒரு வாட்டி பாத்துச் சொல்லுங்க" என்றார். செய்து காட்டினார். செல்வி செய்கிற அதே வரிசை. கல்யாணத்துக்குச் செல்வி முழுசாக இரண்டு நாள் போய்விட்டு வந்தார்.

நான் ஓய்வு பெற்றது 2012-இல். அதற்குச் சற்று முன்புதான் அந்தப் புயல். 2011-இன் கடைசியில் கடலூரைப் புரட்டிப் போட்டதே, அது. எங்கள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் பறந்து எதிர் வீட்டு மாடியில் விழுந்தது. தெருவெல்லாம் மரம். கரண்ட் இல்லை, போன் இல்லை. மோட்டார் ஓடாததால் குடிக்கத் தண்ணீர் இல்லை. என் வீட்டுக்காரர் குடத்தை எடுத்துக்கொண்டு லாரித் தண்ணீருக்கு அலைந்துவிட்டு வெறும் குடத்தோடு வந்தார். எனக்கு நோயாளிகளின் நினைப்புதான். மெஷினில் இருப்பவர்களுக்கு ஜெனரேட்டர் ஓடுமா, வீட்டில் பேக் மாற்றுகிறவர்கள் கையை எதில் கழுவுவார்கள் என்று கவலை. சிதம்பரம் போக பஸ் கிடையாது. கையைப் பிசைந்துகொண்டு வீட்டிலேயே இருந்தேன்.

மறுநாள் பகலில் தெருமுனையில் ஒரு டிவிஎஸ் ஃபிஃப்டி சத்தம் கேட்டது. விழுந்து கிடந்த பூவரச மரத்துக்கு அந்தப் பக்கம் வண்டி நின்றது. ராஜவேலுவும் செல்வியும் இறங்கினார்கள். வண்டியின் இரண்டு பக்கமும் தண்ணீர் கேன். கேனை ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு கிளைகளுக்குள் நுழைந்து வந்தார்கள். நான் ஓடிப்போய் அவர் கையிலிருந்ததை வாங்கினேன். இதயம் சரியில்லாத மனுஷன், இந்தப் பாதையில் இவ்வளவு தூரம் எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க எப்படி இருக்கீங்கன்னு பாக்கத்தான் சிஸ்டர்" என்றார் செல்வி. "போன் போட்டுப் பாத்தோம், போவல."

ராஜவேலு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, ஊர் ஊராகப் போய்க் கிணற்று மோட்டார்களை ஓட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாராம். நாலு ஊருக்கு அவர்தான் தண்ணீர். உட்காருங்கள், டீயாவது போடுகிறேன் என்றேன். ராஜவேலு வானத்தைப் பார்த்து நேரம் கணக்குப் போட்டார்.

"இல்ல சிஸ்டர். சாயந்திரம் பேக் மாத்துறதுக்குள்ள வீடு போவணும். அதுக்கு முன்னாடி வழியில இன்னும் ரெண்டு மோட்டார் பாக்க வேண்டியது இருக்குது."

பேக் எப்படி வடிகிறது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. நல்ல தெளிவு என்றார் செல்வி.

திரும்ப மரத்தைத் தாண்டிப் போனார்கள். அவர் முன்னால் கிளையை விலக்கிப் பிடிக்க, செல்வி குனிந்து நுழைந்தார். வண்டி கிளம்புகிற சத்தம் மறைகிற வரை என் வீட்டுக்காரரும் நானும் வாசலில் நின்றோம். பிறகு உள்ளே வந்து அடுப்பைப் பற்ற வைத்தேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் அவர்கள் கொண்டுவந்த தண்ணீரில்தான் சோறு பொங்கியது.